பகைவர்க்குள் பகை

அஸ்ஸாம் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் 1868-ஆம் ஆண்டில் ஒரு புதுக் கேடு கண்ணுக்குப் புலனாயிற்று. மழை தொடங்குவதற்கு முந்திய வெப்ப மாதங்களில், கரும்பசுமை நிறத்தோடு விளங்க வேண்டிய முற்றிய இலைகள் செம்பு நிறம் கொண்டன. பிறகு காய்ந்து உதிர்ந்தன. தொலைவில் நின்று நோக்குவோருக்குத் தோட்டத்தின் ஒரு பகுதி தீயில் வாடியது போலத் தோன்றியது. இலையைப் பறித்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் மேற்புறத்தில் ஊசிமுனை அளவே உடைய செந்நிற உயிர்கள் எட்டுக் கால்களால் ஊர்ந்து திரிவது தெரிந்தது. தோட்டக்காரர்கள் இதனைச் செஞ்சிலந்தி என்றனர். இலங்கையில் காப்பிச் செடியின் பகைவர்களை ஆராய்ந்த நீட்னர் என்பவர் 1861-லேயே இவ்வுயிரை விவரித்துப் பெயரும் சூட்டியிருந்தார். கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த வுட்-மேசன் அஸ்ஸாம் சென்று ஆராய்ந்து, தேயிலையின் பேனையும் நாவாய்ப்பூச்சியையும் பற்றி 1884-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாம் காலையில் அருந்தும் தேநீருக்குப் பின்னே இப்படி ஒரு நீண்ட போராட்டம் மறைந்திருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வது நல்லது. செடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் சிற்றுயிர் எதுவாயினும் அதனைப் பேன் என்று சொல்லிவிடுவது நம் வழக்கு. செடிப்பேன், இலைப்பேன், சிலந்திப்பேன் என்னும் மூன்றும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன. முன்னவை இரண்டும் ஆறு கால் படைத்த பூச்சிகள். சிலந்திப்பேனோ எட்டுக் கால் உடையது; பூச்சியினத்தைச் சேர்ந்ததே அன்று; சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவுடையது. அது மட்டுமின்றி, அதனை வேட்டையாடி உண்ணும் உயிர்களுள் வண்டுகளும் பிற பூச்சிகளும் உண்டு. அதன் குலத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பேன்களும் உண்டு. பேனை உண்ணும் இப்பேனை இவ்வுரையில் வேட்டைப்பேன் என்று குறிப்போம். பெயர் வேறுபாட்டை மனத்தில் கொள்ளாவிடின் பின்வரும் கதையில் யார் யாரைத் தின்றார் என்பதே விளங்காமற் போகும்.

சிலந்திப்பேனின் வலிமை அதன் பெருக்கத்தில் இருக்கிறது. வெப்பமும் வறட்சியும் கூடிய பருவத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக வளர்வதற்குப் பத்து நாள் அளவே போதும். ஒரு தாய் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும். தான் ஈன்ற ஆணோடு பின்னர் சேர்ந்து பெண்களையும் பெறும். ஆகவே மெல்லிய நூலிழையில் தொங்கிக் காற்றில் மிதந்து வரும் ஒரே ஒரு பெண்பேன், புதிய தோட்டம் ஒன்றில் தனிக் குடியேற்றம் அமைத்துவிட வல்லது. இவ்வளவு ஆற்றல் படைத்த உயிர் உலகத்து இலைகளையெல்லாம் என்றோ உறிஞ்சி முடித்திருக்க வேண்டுமே? அவ்வாறு நேராமைக்கு அதன் பகைவர்களே முதற்காரணம். கடுகினும் சிறிய கரிய பொறிவண்டு ஒன்று, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, சிறு ஈ ஒன்றின் புழு, நாவாய்ப்பூச்சிகள் சில, இவற்றோடு பேரிக்காய் வடிவில் பளபளவென்று மின்னி விரைந்தோடும் வேட்டைப்பேன். அஸ்ஸாமிலும் தென்னாட்டு மலைத் தோட்டங்களிலும் தேயிலை இலையைத் திருப்பிப் பார்ப்போர் இவர்களுள் சிலரைக் காணலாம்.

பகைவனைக் கொண்டு பகைவனை ஒடுக்கும் முறை மிகப் பழையது. கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்று, தென்சீனத்து மக்கள் ஆரஞ்சு மரங்களைக் காப்பதற்காகச் சந்தையில் எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கியதைக் குறிப்பிடுகிறது. நம் மாந்தோப்புகளில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டி, மரமேறும் சிறுவரைக் கடித்துத் துரத்தும் முயிறு என்னும் முசிறே அவ்வெறும்பு. விஞ்ஞான காலத்தில் இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஒரு வெற்றி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தேறிய பஞ்சுச் செதிற்பூச்சி அந்நாட்டு ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அதன் தாயகத்திலேயே அதன் பகைவனைத் தேடிவருமாறு ஆல்பர்ட் கோபெலி என்பவர் 1888-இல் அனுப்பப்பட்டார். அதிகாரிகள் பெரிதும் நம்பியிருந்தது ஓர் ஒட்டுண்ணி ஈயை. கோபெலி அதனோடு கூடவே 'வெடாலியா' என்னும் சிவப்புப் பொறிவண்டையும் அனுப்பினார். முதலில் வந்து சேர்ந்த வண்டுகள் 129. 1889 முடிவதற்குள் தோட்டங்கள் மீண்டன. இதே வண்டு 1929-இல் நம் நீலகிரிக்கும் வரவழைக்கப்பட்டு, அங்கு வாட்டில் மரங்களைப் பற்றியிருந்த அதே செதிற்பூச்சியின் மீது விடப்பட்டது.

இவ்வெற்றி உலகத்துக்கு நன்மை செய்தது. கூடவே ஒரு தவறான எண்ணத்தையும் விதைத்துவிட்டது. ஒரு பயிர்ப்பகைவன், அவனுக்கு ஒரு கொலைஞன், இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் போதும் என்று பலரும் கருதலாயினர். ஈயும் வண்டும் ஒரே இரையைப் பங்கிட்டுக்கொண்டு தம்முள் எப்படி வாழ்ந்தன என்று அப்போது கேட்டவர் மிகச் சிலர். கடற்கரைப் பகுதிகளில் ஈயின் கை ஓங்கியிருந்தது என்பதும், உள்நாட்டு வறண்ட வெளியில் வண்டின் கை ஓங்கியிருந்தது என்பதும் 1973-இல்தான் முறையாக எடுத்துக்காட்டப்பட்டன. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின் கேட்கப்பட்ட கேள்வி அது.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்து சென்றது. போருக்குப் பின் டி.டி.டி. என்னும் மருந்து தோட்டங்களில் புகுந்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்து பல பூச்சிகளைக் கொன்றது உண்மை. ஆனால் அதுவரை பழத்தோட்டங்களில் சிறு தொல்லையாக மட்டும் இருந்த சிலந்திப்பேன், அதன் பின்னரே பெரும்பகையாக உருவெடுத்தது. பேனை அம்மருந்து அவ்வளவாகத் தாக்கவில்லை; பேனைத் தின்றவரை வேரோடு களைந்தது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் அடங்கிக் கிடந்த பஞ்சுச் செதிற்பூச்சி கூட 1946, 1947 ஆண்டுகளில் மீண்டும் தலைதூக்கியது. பொறிவண்டு மருந்தால் மாண்டு போயிருந்தது. காவலாளியைச் சுட்டுவிட்டுத் திருடனைத் தேடிய கதையாயிற்று.

இவ்வுண்மையை மருந்து வருவதற்கு முன்பே உணரத் தொடங்கிய ஒருவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்தார். பிக்கெட் என்னும் அவ்வாராய்ச்சியாளர், அனபோலிஸ் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களில், பூசண நோய்க்காகத் தெளித்த கந்தகமே செதிற்பூச்சிகளின் பகைவர்களைக் கொன்று அவற்றைப் பெருக்கியது எனக் கண்டார். எதைத் தெளித்தால் யார் சாவர், யார் பிழைப்பர் என்று அவரும் அவருடைய தோழர்களும் ஆண்டுக்கணக்கில் பட்டியலிட்டனர். ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் பிக்கெட்டின் பணி பாராட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் எல்சி காலியர் அம்மையார் 1950-களில், பழமரச் செஞ்சிலந்தியை உண்ணும் பூச்சிகளையும் பேன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் வாழ்க்கை முறையை எழுதிவைத்தார். ஆரவாரமற்ற இத்தகைய பணிகளுக்கு மேடையில் மாலை விழுவதில்லை. பின்னர் நடந்தவை பலவும் இவற்றின் மேல் எழுந்தவையே.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹஃபேக்கர் என்பவர் செய்து 1958-இல் வெளியிட்ட சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேட்டையாடுபவனும் இரையும் ஓரிடத்தில் நெடுநாள் சேர்ந்து வாழ முடியுமா என்பது அவருடைய கேள்வி. தட்டுகளில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கினார். இடையிடையே அதே அளவுள்ள ரப்பர்ப் பந்துகளை வைத்தார். பழத்தின் பெரும்பகுதியைத் தாளால் மூடி ஒரு சிறு பகுதியை மட்டும் திறந்துவிட்டார். ஆரஞ்சை உண்ணும் ஆறுபுள்ளிச் சிலந்திப்பேனை அதன்மேல் விட்டார். சில நாள் கழித்து வேட்டைப்பேனை விட்டார். சிறிய தட்டுகளில் முடிவு எப்போதும் ஒன்றே. வேட்டைப்பேன் இரை முழுவதையும் கண்டுபிடித்துத் தின்று தீர்த்தது. பிறகு தானும் பட்டினியால் மடிந்தது.

ஹஃபேக்கர் தம் சிற்றுலகைச் சிக்கலாக்கினார். 120 பழங்கள், ஒவ்வொன்றிலும் இருபதில் ஒரு பங்கு மட்டும் திறந்த பரப்பு, நடந்து செல்வதைத் தடுக்கும் வாசலின் கோடுகள். கூடவே சிறு மரக்குச்சிகளையும் நட்டார். சிலந்திப்பேன் குச்சியின் உச்சியில் ஏறி, நூலிழைவிட்டு, காற்றில் மிதந்து வேறு பழத்துக்குப் போய்விடும். வேட்டைப்பேனுக்கு அந்த வித்தை தெரியாது. அது கால்நடையாகவே வர வேண்டும். இவ்வாறு ஓடுபவனுக்குச் சிறிது வாய்ப்பளித்ததும், இரண்டு இனமும் ஏறத்தாழ எட்டு மாதம் உடன் வாழ்ந்தன. இரை பெருகும், அதனைத் தொடர்ந்து வேட்டைப்பேன் பெருகும், இரை குறையும், வேட்டைப்பேனும் குறையும். இப்படி மூன்று அலைகள் எழுந்து தாழ்ந்தன. தோட்டத்தில் பகைவன் அடியோடு ஒழிய வேண்டும் என்று விரும்பும் உழவருக்கு இச்சோதனை ஒரு செய்தியைச் சொல்லிற்று. இரை முற்றும் ஒழிந்தால் காவலும் ஒழிந்துவிடும்.

அதே 1958-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வேறொன்று நிகழ்ந்தது. சிலி நாட்டிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளின் மீது, டோசே என்னும் ஆராய்ச்சியாளர் பெருவேட்கையுள்ள வேட்டைப்பேன் ஒன்றைக் கண்டார். பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்பது அதன் பெயர். அது சிலந்திப்பேனைத் தவிர வேறெதனையும் விரும்பி உண்ணாது. அதன் வலைக்குள்ளேயே புகுந்து முட்டைகளைத் தேடித் தின்னும். அது ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பப்பட்டது. கண்ணாடிக் கூடங்களில் வெள்ளரி பயிரிடுவோருக்கு அப்போது மருந்துகள் பயனற்றுக்கொண்டிருந்தன. பேன்கள் அவற்றுக்குப் பழகிவிட்டன. ஹாலந்தில் யான் கோப்பெர்ட் என்னும் வெள்ளரி விவசாயிக்கு மருந்துகளால் உடல்நலம் கெட்டிருந்தது. அவர் இவ்வேட்டைப்பேனைத் தம் கூடத்தில் விட்டுப் பார்த்துப் பலன் கண்டு, 1967-இல் அதனை வளர்த்து விற்கவும் தொடங்கினார். ஆய்வுக்கூடத்துப் பொருளாக இருந்த உயிர் விலைச்சரக்காக மாறியது.

பெர்சிமிலிஸின் குறை அதன் குணத்திலேயே இருந்தது. இரையைத் தீர்த்ததும் அதுவும் இராது. மறுபடியும் பேன் வந்தால் மறுபடியும் விலை கொடுத்து வாங்க வேண்டும். எனவே மற்றொரு வேட்டைப்பேனையும் கூடவே விடலாம் என்ற யோசனை எழுந்தது. நியோசியூலஸ் கலிபோர்னிகஸ் என்னும் அந்த இனம் மெதுவாகத் தின்பது. ஆயினும் மகரந்தத்தையும் பிற சிற்றுயிர்களையும் உண்டு பஞ்ச காலத்தைக் கடக்கும். இருவரும் சேர்ந்தால் விரைவும் நிலைப்பும் ஒருங்கே கிடைக்குமன்றோ? ஏட்டில் இதைவிட நல்ல திட்டம் இல்லை. 1990-களின் இறுதியிலும் அதன் பின்னும் வியன்னாவில் இவ்விரண்டையும் ஒரே இலையில் வைத்து ஆராய்ந்தனர். சிலந்திப்பேன் அருகியபோது கலிபோர்னிகஸ் தன் கூட்டாளியின் குஞ்சுகளைத் தின்றது. பெர்சிமிலிஸ் திருப்பித் தின்றது குறைவு. முடிவில் இலையில் எஞ்சியது கலிபோர்னிகஸே. இதனால் சேர்த்து விடுவதே தவறு என்று கொள்ளலாகாது. கண்ணாடிக் கூடம் ஓர் இலையன்று. அங்கு ஒளிய இடமுண்டு, நகர்ந்து செல்ல வழியுமுண்டு. எனினும் இருவர் ஒருவரைத் தின்றால் பணி இரட்டிப்பாகும் என்னும் கூட்டல் கணக்கு இலையின் மேல் செல்லாது என்பது உறுதியாயிற்று.

இதனினும் வியப்பானது ஹவாய்த் தீவுகளின் பப்பாளித் தோட்டங்களில் வெளிப்பட்டது. அங்குப் பப்பாளி இலையைச் செந்நிறச் சிலந்திப்பேன் உறிஞ்சுகிறது. அதனை உண்போருள் ஸ்டெத்தோரஸ் என்னும் கரிய பொறிவண்டின் புழு முதன்மையானது. தேயிலைத் தோட்டத்துக் கரிய வண்டுக்கு இது நெருங்கிய உறவு. அதே இலையடியில் நூல் பின்னி அமர்ந்திருக்கும் ஒரு சிறு சிலந்தியும் உண்டு. சிலந்தியும் ஊனுண்பதுதானே, அதுவும் பேனைக் குறைக்கும் என்றே எவரும் எண்ணுவர். ரோசன்ஹைம் என்பவரும் அவருடைய குழுவினரும் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. சிலந்தி மிகுந்த இடத்தில் வண்டின் புழுக்கள் குறைந்தன, சிலந்திப்பேன்கள் பெருகின. காரணம் மிக எளியது. சிலந்தி உட்கார்ந்த இடத்திலேயே காத்திருப்பது. நடமாடுவதே அதன் வலையில் விழும். சிலந்திப்பேன் ஓரிடத்தில் அமர்ந்து சாறு உறிஞ்சுவது. அது வலைக்குத் தேடிப் போவதில்லை. இரை தேடி இலை முழுவதும் அலைவது வண்டின் புழு. ஆகவே அகப்படுவதும் அதுவே. உழைப்பவன் அகப்பட்டுக்கொள்ள, உட்கார்ந்து தின்றவன் தப்பினான்.

இதே பப்பாளி இலையில் வேட்டைப்பேன் ஒன்றும் உண்டு. சிலந்தியால் அதற்குத் தொல்லை நேரவில்லை. சிலந்தி பொருட்படுத்தாத அளவுக்கு அது மிகச் சிறிய உடலுடையதாயிருப்பது காரணமாகலாம் என்று அவ்வாராய்ச்சியாளர் கருதினர். ஆக, ஒரே சிலந்தி ஒரு நண்பனைக் கெடுத்தது. மற்றொரு நண்பனைத் தீண்டவில்லை. இன்ன இனம் நல்லது, இன்ன இனம் தீயது என்று பட்டியல் எழுதி ஒட்டிவைக்கும் வேளாண்மைத் துண்டறிக்கைகளுக்கு இத்தகைய செய்தி சங்கடம் தருவது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கலிபோர்னியப் பருத்தி வயல்களில் இளஞ்செடியைச் சுரண்டித் தின்னும் இலைப்பேனைப் பகைவன் என்று கருதி மருந்தடிப்பது வழக்கமாயிருந்தது. அந்த இலைப்பேன் சிலந்திப்பேனின் முட்டைகளையும் தின்கிறது என்று 1986-இல் எடுத்துக்காட்டப்பட்டது. பருவத் தொடக்கத்தில் அதனைக் கொல்லுதல் பின்னர் வரும் பெரிய பகைக்கு வழி திறப்பதாகும். வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களிலும் இது போன்ற ஒன்றை ஹாய்ட் என்பவர் 1969-இல் விளக்கினார். இலையில் வாழும் துருப்பேன் பெருந்தீங்கு செய்யாதது. அதனை விட்டுவைத்தால், செஞ்சிலந்தி இல்லாத நாட்களில் வேட்டைப்பேனுக்கு அதுவே சோறு. வீட்டுக் காவல் நாய்க்குத் திருடன் வராத நாளிலும் உணவிட வேண்டியிருப்பது போன்றதே இது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் பழமும் காயும் பற்றியவை. உயிர்ப்பிரச்சினையாக இது எழுந்தது ஆப்பிரிக்காவில். மரவள்ளிக் கிழங்கு அக்கண்டத்துக்கு உரியதன்று. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த அக்கிழங்கு, மழை பொய்த்தாலும் கைவிடாத உணவாகி, கோடிக்கணக்கான ஏழை மக்களின் அன்றாட அன்னமாயிற்று. அதன் பழைய பகைவனாகிய பச்சைச் சிலந்திப்பேன் 1971-இல் உகாண்டாவில் காணப்பட்டது. பகைவன் வந்துவிட்டான், அவனைத் தாயகத்தில் அடக்கி வைத்திருந்தவர்கள் வரவில்லை. சில ஆண்டுகளில் அது மரவள்ளி விளையும் நாடுகள் பலவற்றிலும் பரவியது. மரவள்ளிக்கு மருந்தடிக்கப் பணமுள்ள உழவர் அங்கே யார்? பயிரின் இலையையே கீரையாகச் சமைத்துண்ணும் ஊர்களில் நஞ்சு தெளிப்பது எப்படி?

நைஜீரியாவின் இபாடான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியை ஏற்றது. தென்னமெரிக்காவில் வேட்டைப்பேன்களைத் தேடினர். முதலில் கொலம்பியாவிலிருந்து பல இனங்கள் வந்தன. 1984 முதல் சில ஆண்டுகள் இலட்சக்கணக்கில் அவற்றை வயல்களில் விட்டனர். ஓர் இனமும் வேரூன்றவில்லை. வறண்ட காற்றையும், இரை அருகிய மாதங்களையும் அவற்றால் தாங்க முடியவில்லை. இத்தனை உழைப்பும் வீணானபோது திட்டத்தைக் கைவிட்டிருந்தால் குறை கூறுவார் எவருமில்லை. அவர்கள் கைவிடவில்லை. ஆப்பிரிக்க வயல்களை ஒத்த தட்பவெப்பம் உள்ள வடகிழக்குப் பிரேசிலுக்குத் தேடலை மாற்றினர். அங்கிருந்து வந்தவற்றுள் மனிஹோட்டி என்னும் இனம் 1989-இல் பெனின் நாட்டில் விடப்பட்டு நிலைபெற்றது. 1993-இல் அதே நாட்டில் அரிப்போ என்னும் இனம் விடப்பட்டது. அரிப்போ தானே நடந்து, காற்றில் பரவி, உழவர் கைமாற்றிக்கொண்ட தண்டுகளிலும் ஏறி, நாடு கடந்து சென்றது. பச்சைப்பேனின் தொகை தாழ்ந்தது.

இவ்விரண்டும் ஒரே செடியில், ஒரே இரையை நம்பி வாழ்கின்றன. வியன்னாவின் இலையில் நடந்தது போலவே இவையும் இரை அருகினால் ஒன்றன் குஞ்சுகளை மற்றொன்று தின்னக் கூடியவை. ஆயினும் ஆப்பிரிக்க வயலில் ஒன்று மற்றொன்றை ஒழித்துவிடவில்லை. இரண்டுக்கும் குடியிருப்பு வேறு. அரிப்போ பகலில் செடியின் உச்சிக் குருத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும். இரவில் வெளிப்பட்டு, மேல் இலைகளில் வேட்டையாடும். குருத்தில் மயிரடர்ந்த ரகங்களில் அது நன்கு தங்குகிறது. மனிஹோட்டி குருத்துக்குள் புகுவதில்லை, இலைகளிலேயே வாழ்கிறது.

இதில் பச்சைப்பேனின் பங்கும் உண்டு. வேட்டையாடுவோர் வருவதை அது வாசனையால் அறிகிறது என்று 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அரிப்போவின் வாசனை வந்தால் பேன்கள் குருத்தை விட்டுக் கீழிறங்குகின்றன. மனிஹோட்டியின் வாசனை வந்தால் மேலேறுகின்றன. ஆப்பிரிக்காவுக்கே உரிய மூன்றாவது வேட்டைப்பேன் ஒன்றின் வாசனை வந்தாலோ அசைவதேயில்லை. அதனிடம் அவற்றுக்கு அவ்வளவு அச்சமில்லை போலும். மேலே ஒருவன், கீழே ஒருவன் இருக்கும் செடியில், ஒருவனுக்கு அஞ்சி ஓடும் பேன் மற்றவனுடைய எல்லைக்குள் போய்ச் சேர்கிறது. கிழங்கைத் தோண்டி வேகவைத்து உண்ணும் குடும்பத்தாருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அவர்கள் அதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை.

நம் தென்னைக்கும் இதே வகைக் கதை ஒன்று நேர்ந்திருக்கிறது. மெக்சிகோவின் குரேரோ மாநிலத்துத் தேங்காயிலிருந்து கீஃபர் என்பவரால் 1965-இல் விவரிக்கப்பட்ட ஈரியோபைட் பேன், 1997 இறுதியில் இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்திலும், 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் காணப்பட்டு, தமிழ்நாடு முதலிய பிற மாநிலங்களுக்கும் பரவியது. புழு வடிவில், வெறுங்கண்ணுக்குத் தோன்றாத அப்பேன், குரும்பையின் தொப்பிக்கடியில் ஒளிந்து சாறு உறிஞ்சுகிறது. காய் வளர வளர அவ்விடம் பழுப்பு வடுவாக வெளிப்படுகிறது. காய் சிறுத்துக் கோணுகிறது. தொப்பி காயோடு இறுகப் பொருந்தியிருப்பதால் தெளிக்கும் மருந்து எளிதில் உள்ளே எட்டுவதில்லை.

அதனைத் தொடர்ந்து உள்ளே நுழைய வல்லது நியோசியூலஸ் பராக்கி என்னும் வேட்டைப்பேன். அதன் உடல் தட்டையாகவும் நீளமாகவும் அமைந்திருப்பது இதற்கு வாய்ப்பாகிறது. இலங்கையில் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பெருமளவில் வளர்த்துத் தோப்புகளில் விடும் முறையை வகுத்தனர். அங்கே பணியாற்றியவர்களும் ஹாலந்து நாட்டவரும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொப்பிக்கும் காய்க்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து பார்த்தனர். பேன் தாக்காத காயில் அவ்விடைவெளி ஈரியோபைட் பேன் நுழைய மட்டுமே போதுமானது, பராக்கிக்கு இடமில்லை. பேன் தாக்கிய பிறகே அது விரிகிறது. அப்போதுதான் பராக்கி உள்ளே செல்கிறது. அது சென்று பார்க்கும்போது இரை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. காயில் வடுவும் விழுந்திருக்கிறது. ஒரு பாளையிலிருந்து அடுத்த பாளைக்குப் பேன் பரவுவதற்குள் அதன் பகைவனும் அங்கே போய்ச் சேருமா என்பதே தென்னந்தோப்பில் இப்போது நடக்கும் பந்தயம்.